அப்பாவின் சாவுக் கணக்கு

அப்பா போய் மூன்று வருடம் ஆகப் போகிறது. போன மாதம் கோத்தகிரிக்குப் போயிருந்தபோது, பரண்மேல் இருந்த பிஸ்கட் டின்னை அம்மா இறக்கிக் கொடுத்தாள். "இதை நீயே கொண்டு போயிரு. எனக்கு இதைப் பாத்தா கோவம் கோவமா வருது" என்றாள்.

டின்னுக்குள் ஓரம் கரையான் தின்ற இந்தியப் பாஸ்போர்ட் ஒன்று, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களுக்குக் கொடுத்த குடும்ப அட்டை ஒன்று, அப்புறம் ரப்பர் பேண்ட் போட்ட நாற்பது பக்க நோட்டுகள் ஏழு. பாஸ்போர்ட்டில் அப்பாவுக்கு இருபத்து நாலு வயது. காது தெரியக் கிராப் வெட்டி, இரவல் சட்டை போட்டு, போட்டோக்காரன் ஏதோ திட்டினதுபோல ஒரு முகம்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். பதினேழு வருடமாக இதே வேலை. எந்த நோட்டைத் திறந்தாலும் கண் முதலில் கூட்டுத் தொகைக்குத்தான் ஓடும். முதல் நோட்டின் முதல் பக்கம் இப்படி இருந்தது:

"12.2.80. வீடு 38. தலைக்கு 1 ரூ. வராதது 5 வீடு. கையில் 33.00."

அதற்குக் கீழே, அதே மாதத்தில்: "கோடித் துணி 22. ஊதுபத்தி, கற்பூரம் 3. சீனி, தேயிலைத் தூள் 9. ஆள் 11." ஆள் என்பதற்கு எதிரே ரூபாய் கிடையாது. குழி வெட்டவும் பாடை தூக்கவும் வந்தவர்களின் எண்ணிக்கை அது. ஏழு நோட்டிலும் ஒவ்வொரு சாவுக்கும் இந்த 'ஆள்' கணக்கு உண்டு. இருபத்தெட்டு வருடம் எழுதியிருக்கிறார்.

எங்கள் தோட்டத்து லைன் வீடுகளில் இதைச் சாவுச் சங்கம் என்போம். இலங்கைத் தோட்டங்களில் மரணாதாரச் சங்கம் என்று இதற்குக் கௌரவமான பேர் உண்டு. மாதாமாதம் வீட்டுக்கு ஒரு ரூபாய். பிற்பாடு இரண்டு, ஐந்து, இருபது. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் காசுக்கு ஓடக் கூடாது. அவ்வளவுதான் சட்டதிட்டம். தலைவர், செயலாளர் எல்லாம் மாறிக்கொண்டே இருந்தார்கள். பெட்டிச் சாவி மட்டும் அப்பா அரைஞாணில்.

மலையில் சாவது செலவு பிடித்த காரியம் என்பது கீழே இருப்பவர்களுக்குச் சட்டென்று புரியாது. நோய் முற்றினால் கோயமுத்தூருக்குத்தான் கொண்டு போக வேண்டும். அங்கே உயிர் போய்விட்டால் உடம்பை மேலே கொண்டு வர வேண்டும். அந்தக் காலத்தில் ராத்திரியில் பிணம் ஏற்ற எந்த டிரைவரும் லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார். ஒத்துக்கொண்டால் இரண்டு மடங்கு கேட்பார். கொண்டு வந்த பிறகு, ஆடி ஐப்பசி மழையில் குழி வெட்டினால் வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறும். நாலு பேர் வாளியால் இறைத்துக்கொண்டே நிற்க, இரண்டு பேர் வெட்டுவார்கள். குழிக்குமேல் கட்ட ஒரு தார்ப்பாய் வேண்டும். எங்கள் சங்கத்தின் முதல் சொத்தே தார்ப்பாய்தான். இரண்டாவது நோட்டில் "தார்ப்பாய் 140 (பழசு)" என்று இருக்கிறது.

அப்பா பிறந்தது இலங்கை மலையகத்தில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில். 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டத்தால் அங்கே தோட்டத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. பாக்கி 1,50,000 பேரை 1974-இல் இந்திரா காந்தி காலத்தில் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். கணக்கு எழுதுகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், கூட்டல் சரியாக வருகிறது. எங்கள் வீட்டில்தான் சரியாக வரவில்லை. அப்பாவுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது, பெரிய அத்தைக்கு இலங்கைக் குடியுரிமை வந்தது. அப்பாயி, மகள் பக்கமே இருந்துவிட்டார்.

1974-இல் தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினார் அப்பா. மண்டபம் முகாம், அப்புறம் முசிறிப் பக்கம் தாத்தா சொன்ன ஒரு பூர்வீக ஊர். அந்த ஊரில் அவரை அடையாளம் கண்டது ஒரு நாய்கூட இல்லை என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டம் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. 1968-இல் தொடங்கிய அந்தத் திட்டம்தான் பிறகு டேன்டீ என்கிற தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. தேயிலையைத் தவிர வேறு எதுவும் தெரியாத மனிதர், தேயிலையைத் தேடியே மலையேறினார்.

அப்பாயி இறந்தது 1979-இல். அத்தையின் கடிதம் கோத்தகிரிக்கு வந்து சேர்ந்தபோது பதினேழு நாள் ஆகியிருந்தது, காரியமே முடிந்துவிட்டது. அப்பா கடிதத்தைப் படித்துவிட்டு மொட்டை போட்டுக்கொண்டு, அன்றைக்கு ராத்திரி ஷிஃப்டுக்குப் போனாராம். அடுத்த பிப்ரவரியில் முதல் நோட்டு. இதற்கும் அதற்கும் முடிச்சுப் போடுவது அம்மா. அப்பா ஒரு நாளும் போட்டதில்லை.

ஃபேக்டரியில் அவருக்கு டிரையர் அடுப்புக்கு விறகு போடுகிற வேலை. மேலே வாட்டும் தொட்டியில் கொழுந்து ராத்திரியெல்லாம் கிடந்து வாடும். விடியற்காலம் இயந்திரத்தில் அரைபட்டு, புளித்து, டிரையருக்கு வரும்போது சூடு ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. ஏறினால் தூள் கருகும், இறங்கினால் ஈரம் நிற்கும். விறகு பச்சையா காய்ந்ததா என்பதைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். காலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வரும்போது அவர்மேல் புகையும் தேயிலையும் கலந்த ஒரு மணம் இருக்கும். இப்போதும் கோத்தகிரி பஸ்ஸில் ஏதாவது ஃபேக்டரியைத் தாண்டும்போது அந்த மணம் ஜன்னல் வழியாக வந்தால் நான் பேச்சை நிறுத்திவிடுவேன்.

அம்மா ஏழு மணிக்குப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்கிற இடத்துக்கு, போக வேண்டும். இடுப்பில் படங்குச் சாக்கு கட்டிக்கொண்டு, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு அவள் கிளம்ப, எனக்கும் தம்பிக்கும் வெந்நீர், சாப்பாடு, தலைபின்னல் எல்லாம் அப்பாவின் பாடு. ராத்திரியெல்லாம் விறகு தூக்கிய கையால் இரட்டைச் சடை பின்னுவார். கயிறு திரிப்பதுபோல இழுத்து இழுத்துப் பின்னுவதில் கண் இரண்டும் நெற்றிக்கு ஏறிவிடும். "அப்பா, வலிக்குது" என்றால், "சாயந்தரம் வரைக்கும் நிக்கணுமில்ல தாயி" என்பார். நின்றது. எங்கள் வகுப்பில் நாலு மணிக்கும் கலையாத சடை என்னுடையதுதான். ரிப்பன் முடிச்சு மட்டும் அவருக்குக் கடைசி வரை வரவில்லை. மூட்டை கட்டுகிற முடிச்சுதான் போடுவார்.

ஞாயிற்றுக்கிழமை கோதுமை ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும். மாசிக் கருவாடு இங்கே கிடைக்காது, அதனால் நெத்திலிக் கருவாட்டை வறுத்து இடித்துப் போட்டுவிட்டு, "அந்த ருசி இல்ல" என்று ஒவ்வொரு வாரமும் சொல்வார். டீயைத் தேத்தண்ணி என்பார். நானும் பள்ளிக்கூடத்தில் அப்படியே சொல்லிச் 'சிலோன்காரி' என்று பேர் வாங்கினேன். வீட்டுக்கு வந்து அழுதால், "ஆமா, சிலோன்காரிதான், அதுக்கென்ன இப்ப?" என்று அவர் கேட்டதில் எனக்கு அழுவதற்கு வேறு காரணம் கிடைக்கவில்லை.

இதெல்லாம் நல்ல அப்பா. இன்னொரு அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அம்மா படித்துவிட்டுச் சண்டைக்கு வருவாள்.

1994 டிசம்பரில் எனக்குச் சடங்கு சுற்றினார்கள். லைன் வாசலில் பந்தல், ஸ்பீக்கர் செட், கோயமுத்தூரிலிருந்து மாமன் சீர். தாய்மாமன் மாலை போடுகிற நேரத்தில் அடுத்த டிவிஷனிலிருந்து ஆள் வந்தார். ஒரு கிழவி போய்விட்டார், மகன் கேரளாவில், வீட்டில் வேறு ஆம்பளை இல்லை. அப்பா அரைஞாணிலிருந்து சாவியைக் கழற்றி யாரிடமாவது கொடுத்தனுப்பியிருக்கலாம். அவரே போய்விட்டார். சாவு வீட்டுக்குப் போனவர் நல்ல காரியத்துக்குள் நுழையக் கூடாதே! சாயங்காலம் பந்தி முடிகிற நேரத்துக்கு வந்து, தெருக் குழாயில் அந்தப் பனியில் தலையோடு குளித்துவிட்டு, பந்தலுக்கு வெளியே ஈர வேட்டியோடு நின்றார். உள்ளே வரவில்லை. நான் மணையில் உட்கார்ந்திருந்தேன். தூரத்திலிருந்து இரண்டு கையையும் தூக்கி, ஆசீர்வாதம் பண்ணுவதுபோல ஒரு அசைவு. பல் கிடுகிடுவென்று ஆடுவது இங்கிருந்தே தெரிந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எங்கள் வீட்டு ஆல்பத்தில் அன்றைக்கு எடுத்த முப்பத்தாறு படத்தில் ஒன்றில்கூட அப்பா இல்லை.

அந்தக் கிழவியின் கணக்கு நாலாவது நோட்டில் இருக்கிறது. ஆள் 4. அப்பாவையும் சேர்த்தா, சேர்க்காமலா என்று தெரியவில்லை.

அம்மாவின் தோடு கதை இன்னும் மோசம். 1996-இல் ஒருவரைக் கீழே ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். பாக்கி கட்டினால்தான் உடம்பைக் கொடுப்போம் என்று சொல்லிவிட்டார்கள். சங்கப் பெட்டியில் இருந்தது போதவில்லை. அப்பா வந்து அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் நின்றாராம். அம்மா தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். "நானாத்தான் குடுத்தேன்" என்பாள் இப்போதும், அதை விட்டுக்கொடுக்க மாட்டாள். மீட்டுத் தருகிறேன் என்றவர் வட்டி கட்டவே திணறி, கடைசியில் தோடு ஏலத்துக்குப் போயிற்று. ஏழெட்டு வருடம் அம்மா காதில் வேப்பங்குச்சிதான். நான் முதல் போனஸில் வாங்கிப் போட்ட தோட்டை அப்பா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "கனமா இருக்கே" என்று மட்டும் சொன்னார்.

நோட்டில் அந்தத் தேதியில் தேடினேன். "வரவு: வீட்டில் 2,600." எந்த வீட்டில் என்று இல்லை. எங்கள் கம்பெனி ஆடிட்டர் பார்த்தால் பேனாவால் வட்டம் போட்டிருப்பார். திருப்பிக் கொடுத்ததாக எங்கும் பதிவு இல்லை. ஏழு நோட்டையும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து கூட்டியதில் இந்த மாதிரி 'வீட்டில்' என்று வந்தது மட்டும் பதினாலாயிரத்துச் சொச்சம். நாங்கள் புதுச் செருப்புக்கு அடுத்த தீபாவளி வரை காத்திருந்த வருடங்கள் அவை. எனக்கு அம்மாவின் கோபம் அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது.

சாவு ஒன்றுதான் அவர் வேலை என்று நினைத்துவிட வேண்டாம். மனு எழுதுவார். அந்த டின்னில் இருக்கிற குடும்ப அட்டைதான் எங்களைப் போன்றவர்களுக்கு எல்லாவற்றுக்கும் வேர். ரேஷன், சாதிச் சான்றிதழ், பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது எதுவானாலும் அதைக் காட்ட வேண்டும். அதைத் தொலைத்தவர்கள், மழையில் நனையவிட்டவர்கள், அதில் பேர் தப்பாகப் போனவர்கள் எல்லோரும் வந்து எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்காருவார்கள். ஏழாம் வகுப்பு வரை படித்த அப்பாவின் கையெழுத்து அச்சடித்ததுபோல இருக்கும். ஓர் அலுவலகத்தில் ஒருவர், "நீயே சிலோன், நீ யாருக்குச் சிபாரிசு?" என்று கேட்டிருக்கிறார். அப்பா பதில் சொல்லாமல் மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும் போனார். பதினோராவது நாள் சான்றிதழ் கிடைத்தது. அந்தப் பிள்ளை இன்றைக்கு நர்ஸ்.

பக்கத்து ஹட்டியிலிருந்து, அதாவது படகர் ஊரிலிருந்து, பெரியவர் ஒருவர்கூட மனு எழுதிக்கொள்ள வருவார். அப்பா கூலி வாங்க மாட்டார் என்பதால் முள்ளங்கியும் கேரட்டும் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து வாசலில் வைத்துவிட்டுப் போவார். அவர்களுடைய ஹெத்தையம்மன் பண்டிகைக்கு அப்பாவுக்கு அழைப்பு உண்டு. எங்கள் பக்கம் மாசி மாதம் காமன் கூத்து நடந்தால் அந்தப் பெரியவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு விடியவிடிய உட்கார்ந்து பார்ப்பார். மன்மதன் எரியும்போது அவர் கண்ணைத் துடைத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

1993 நவம்பரில் மரப்பாலத்தில் மலை சரிந்து குன்னூர் சாலை அறுந்துபோனபோது எல்லா வண்டியும் எங்கள் கோத்தகிரி வழியாகத்தான் போயின. அப்பா சங்கத்துப் பசங்களோடு போய் ரோட்டோரம் அடுப்பு மூட்டித் தேத்தண்ணி போட்டார். 2009 அவருக்குப் பெரிய சோதனை. ரிடையர் ஆகி ஒரு வருடம். நவம்பர் 10-ஆம் தேதி கேத்தியில் மட்டும் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை. மாவட்டம் முழுக்க நாற்பதுக்கும் மேற்பட்டோர் மண்ணுக்குள் போனார்கள். நான் திருப்பூரிலிருந்து போன் போட்டுப் போட்டுப் பார்க்கிறேன், லைன் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் கிடைத்தபோது அம்மா எடுத்தாள். "அப்பா எங்கம்மா?" என்றால், "எங்க இருப்பாரு? மண்வெட்டியத் தூக்கிட்டுப் போனவருதான்" என்றாள். அந்த வாரத்தின் கணக்கு நோட்டில் இல்லை. சாவியை அதற்கு முந்தின வருடமே இளைஞர்களிடம் கொடுத்துவிட்டார். ஏழாவது நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால், 'ஆள்' என்று எழுதி எண் போடாமல் விட்ட ஒரு வரி மட்டும் இருக்கிறது.

ராத்திரிகளில் உடம்பை மேலே கொண்டு வரும் வேலையைப் பற்றி அவர் என்னிடம் ஒரே ஒரு முறைதான் பேசினார். நான் காலேஜ் முடித்த வருடம், பஸ்ஸில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறிக்கொண்டிருந்தோம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர், பெரும்பாலும் ஏற்றம். ஏற்றத்தில் உடம்பு பின்பக்கம் வழுக்கும், வளைவில் பக்கத்துக்குச் சாயும். கயிறு போட்டுக் கட்டினால் வேலை முடிந்தது. அவருக்கு மனசு ஒப்பாது. "மனுசன மூட்டை மாதிரி கட்டுறதா?" அதனால் வேனின் தரையில், பின்கதவில் முதுகை அண்டை கொடுத்து, காலை நீட்டி உட்கார்ந்துகொள்வார். இறந்தவரின் உள்ளங்காலில் தன் உள்ளங்காலைப் பதித்து முட்டுக் கொடுப்பார். மேலே வந்து சேர இரண்டு மணி நேரம். "முதல்ல ஜில்லுனு இருக்கும். அப்புறம் நம்ம சூடு கொஞ்சம் அங்க போயிரும் போல. குஞ்சப்பனை தாண்டினா வித்தியாசம் தெரியாது" என்றார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி, "மழ வரும் போல" என்றார்.

2022 ஜூலையில் அப்பா கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் இறந்தார். நுரையீரல். முப்பது வருடத்துக்கு மேற்பட்ட விறகுப் புகை என்று டாக்டர் சொன்னார். பீடியும் சேர்த்தி என்று அம்மா திருத்தினாள். இப்போது வண்டிக்குப் பஞ்சமில்லை. சங்கத்துப் பசங்கள் ஒரு மணி நேரத்தில் ஆம்புலன்ஸ் பிடித்துவிட்டார்கள். ஸ்ட்ரெச்சரில் மூன்று பெல்ட். டிரைவர் தம்பி மாட்டப் போனபோது நான், "வேண்டாம் தம்பி" என்றேன். "அக்கா, காட் ரோடு, ஆடும்" என்றார். "தெரியும்" என்றேன். ஸ்ட்ரெச்சரைக் கீழே இறக்கித் தரையோடு வைக்கச் சொல்லி, பின்கதவில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தேன். என் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டான். அம்மா முன் சீட்டில்.

அப்பாவின் குதிகால் வெடிப்புகள் என் உள்ளங்காலில் குத்தின. அவர் சொன்னது சரி, முதலில் ஜில்லென்றுதான் இருந்தது. ஏற்றம் தொடங்கியதும் முழு பாரமும் என் காலுக்கு வந்தது. கடைசி மாதத்தில் அவ்வளவு இளைத்துப் போனவருக்கு இவ்வளவு கனம் எங்கிருந்து வந்தது என்று நினைத்தேன். வளைவுக்கு வளைவு என் முழங்கால் நடுங்கியது.

குஞ்சப்பனையில் வண்டி நின்றுவிட்டது. பலாப்பழக் காலம், முன்னால் ரோட்டில் யானை. இரண்டு பெரியது, ஒரு குட்டி. டிரைவர் விளக்கை அணைத்து, இஞ்சினையும் அணைத்தார். முக்கால் மணி நேரம் இருட்டில் இருந்தோம். எங்கேயோ பழம் பிளக்கிற சத்தம், அப்புறம் வண்டி முழுக்கப் பலாப்பழ வாசனை. யாரும் பேசவில்லை. நான் காலை எடுக்கவில்லை.

அம்மா முன்னாலிருந்து மெதுவாகத் திரும்பி, "காலு வலிக்குதா?" என்று கேட்டாள். எங்கள் இருவரில் யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை. "இல்லம்மா" என்றேன்.